பீட்சா அடுப்புக்கு ஒரு வெப்பக்காப்புக் கதவு: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

பீட்சா சுடுவதற்குக் கதவு தேவையில்லை. நெருப்பு எரியும்வரை அடுப்பின் வாய் திறந்தே இருக்க வேண்டும்; குளிர்ந்த காற்று அதன் கீழ்ப்பகுதி வழியாக உள்ளே போகிறது, புகை மேற்பகுதி வழியாக வெளியே வருகிறது. கதவின் வேலை நெருப்பு அடங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதனால்தான் தோட்டத்தில் ஆசையாக அடுப்புக் கட்டுகிறவர்கள்கூடக் கதவைக் கடைசியில் யோசித்து, ஒரு தகட்டை வெட்டிச் சாத்தி வைத்துவிடுகிறார்கள். செங்கல்லுக்குள் அத்தனை விறகின் சூடும் தேங்கி நிற்கும்போது அதை வாய் வழியே வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. இரட்டைத் தகட்டுக்கு நடுவே காப்புப் பொருள் வைத்த கதவைச் செய்து, சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மாலையில் பீட்சா முடித்துக் கதவைச் சாத்தினால், மறுநாள் ரொட்டி சுடும் சூடு மிஞ்சுகிறது. அதற்கும் பிறகு மெதுவாக வேக வேண்டியவற்றை வைக்கலாம். கடைசியில் மூலிகைகளை உலர்த்தலாம்.

கதவின் அமைப்பு எளிது. உள்ளும் புறமும் 304 வகை எவர்சில்வர் தகடு, நடுவே 25 மி.மீ. செராமிக் ஃபைபர் (சூடு தாங்கும் பீங்கான் இழை) விரிப்பு இரண்டு அடுக்கு. எல்லோரும் கேட்பது விரிப்பின் தடிமனைப் பற்றித்தான். நான் முதலில் பேச விரும்புவது ஓரத்தைப் பற்றி.

500 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரம் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 250 டிகிரி வித்தியாசம் என்றால், 50 மி.மீ. விரிப்பின் வழியே கசிவது தோராயமாக 75 வாட். இதே கதவின் சுற்றுவிளிம்பை 1 மி.மீ. எவர்சில்வர் தகட்டால் மூடி உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இணைத்தால், அந்த மெல்லிய விளிம்பின் வழியே மட்டும் ஏறக்குறைய 130 வாட் வெளியேற வழி இருக்கிறது. சாதாரண இரும்புத் தகடாக இருந்தால் 400 வாட். ஏனென்றால் இரும்பு எவர்சில்வரைப்போல மூன்று மடங்கு வெப்பம் கடத்தும். வெளித்தகடு சூடேறும்போது இந்த அளவுகள் குறையும் என்றாலும், சூடு எந்த வழியாகப் போகிறது என்பது மாறாது. அழகாக வெல்டிங் செய்து பெட்டியாக மூடிய கதவுகள் பலவற்றின் முகம், உள்ளே நல்ல காப்பு இருந்தும், கை வைக்க முடியாமல் கொதிப்பது இதனால்தான். இந்த விளிம்பை அப்படியே விட்டுவிட்டு விரிப்பை 75 மி.மீ. ஆக்கினால் விரிப்பின் வழியே மிச்சமாவது 25 வாட்தான்.

என் கதவில் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. விளிம்பைச் சுற்றி, வெப்பத்தை எளிதில் கடத்தாத கால்சியம் சிலிகேட் பலகையின் பட்டைகள் இருக்கின்றன. தகடுகளை இணைப்பவை 6 மி.மீ. எவர்சில்வர் போல்ட்டுகள் நான்கு மட்டுமே; அவற்றின் வழியே போவது பத்து வாட்டைத் தாண்டாது. உள்தகட்டின் துளைகளை நீள்வட்டமாக வெட்டியிருக்கிறேன். 300 டிகிரி சூடேறினால் 500 மி.மீ. எவர்சில்வர் சுமார் இரண்டரை மி.மீ. நீளும். வெளித்தகடோ நீளாமல் நிற்கும். இறுக்கிப் பிடித்தால் உள்தகடு புடைத்துக்கொண்டு, ஓரத்தில் இடைவெளி விழும். இத்தனை காலத்துக்குப் பிறகும் என் தகடு கோணவில்லை. முதலில் வைக்கோல் நிறமாகவும் பிறகு பழுப்பாகவும் மாறியதோடு சரி.

ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, மட்டும் தொடாதீர்கள். அந்தப் பூச்சு 419 டிகிரியிலேயே உருகிவிடும்; பீட்சா சுடும் தளமோ 430 டிகிரியைத் தாண்டும். வெல்டிங் செய்யும்போது கிளம்பும் அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அலுமினிய ரிவெட்டும் வேண்டாம். செராமிக் ஃபைபரை வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கூரான கத்தியால் வெட்டினால் தூசி குறையும். விரிப்பை நசுக்கி அடைக்கக் கூடாது. வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றுதான்.

பயன்பாட்டில் தேய்ந்த ஒரே பாகம் கயிறு. வாய்க்கும் கதவுக்கும் இடையே சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதைக் கண்ணாடியிழைக் கயிற்றால் அடைத்திருக்கிறேன். சாம்பல் படிந்த செங்கல்லில் உரசுவதால் அடிப்பக்கக் கயிறு மற்ற பக்கங்களைவிட வெகு சீக்கிரம் பிரிகிறது. அந்தத் துண்டை மட்டும் தனியாகக் கழற்றும்படி வைப்பது நல்லது. இந்த இறுக்கத்தின் பலனை ரொட்டியில் பார்க்கலாம்: மாவிலிருந்து எழும் நீராவி வெளியே ஓடாமல் நிற்பதால் மேலோடு பளபளப்பாக வருகிறது.

மழையில் நனைந்தால் விரிப்பு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெளித்தகட்டின் கீழே ஆவி போகச் சில சிறு துளைகள் வேண்டும். கைப்பிடி மரமாக இருக்கட்டும், தகட்டிலிருந்து விலகி நிற்கட்டும். 1.5 மி.மீ. தகட்டில் செய்தால் கதவு ஐந்து கிலோவை நெருங்கும். இரண்டு கைப்பிடி இருந்தால்தான் சூடான நேரத்தில் நிதானமாகத் தூக்க முடியும். கதவில் பொருத்தும் வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை, செங்கல்லின் சூட்டை அல்ல. தளத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் பளபளக்கும் எவர்சில்வரில் அந்தக் கருவி தவறாகக் காட்டும். கதவின் சூட்டை அளக்க விரும்பினால், வெளித்தகட்டில் வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணத்தை ஒரு சிறு வட்டமாகப் பூசி அங்கே அளக்க வேண்டும்.

புகைபோக்கி வாய்க்கு முன்னால் இருக்கும் அடுப்புகளில், கதவு புகைபோக்கிக்கு உட்பக்கமாக உட்கார வேண்டும். இல்லையென்றால் சூடு அதன் வழியே ஏறிப்போகும். தணலை வாரி எடுத்த பிறகு சாத்துவதே என் வழக்கம். காற்றில்லாமல் கனலும் தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். உள்ளே தணல் இருக்கும்போதே சாத்த நேர்ந்தால், பிறகு திறக்கும்போது கதவை ஒரே இழுப்பில் எடுக்காதீர்கள். காற்று திடீரென்று புகுந்தால் தேங்கிய வாயு குப்பென்று பற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் நின்று, ஓரத்தில் விரல் அகலம் விலக்கி, சற்றுப் பொறுத்து, அதன் பிறகு முழுவதுமாக எடுங்கள்.