ஏழு வருட மைல்ஸ்: நாலு பேருக்கு ஒருநாளும் சீட் இல்லை

நேற்று மச்சான் போனில் கேட்டான்: "கிரெடிட் கார்டு எடுக்கச் சொல்லி பேங்க்காரன் தினமும் கூப்பிடுறான். மைல்ஸ் சேர்த்தா நிஜமாவே ஃப்ரீ டிக்கெட் கிடைக்குமா?" மைல்ஸ் என்றால் விமானத்தில் பறந்தும் கார்டில் செலவழித்தும் சேர்க்கிற பாயின்ட்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். துபாய்க்கும் கீழக்கரைக்குமாக ஏழு வருடம் இந்தக் கூத்தைப் பார்த்தவன் நான். வாட்ஸாப்பில் பதில் எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டுவிட்டது. விமானக் கம்பெனி பெயர் வேண்டாம்.

என் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்றுதான். வீட்டில் நாலு பேர். கம்பெனியின் தளத்தில் நாலு என்று போட்டுத் தேடினால் எந்தத் தேதியிலும் 'இருக்கை இல்லை'. இரண்டு என்று மாற்றினால் அதே நாள், அதே விமானம், சீட் இருக்கும். மைல்ஸுக்கென்று விடுவதே சில சீட்தான். இரண்டு இருக்கும்போது நாலு கேட்டால், இரண்டு இருக்கிறது என்று சொல்லாமல் மொத்தமாகக் கையை விரித்துவிடும். இது புரியவே எனக்கு மூன்று வருடம் ஆனது. புரிந்தபின் இரண்டிரண்டாகப் பிரித்து எடுத்தேன். புதன்கிழமை வீட்டுக்காரியும் சின்னவளும், வெள்ளிக்கிழமை நானும் பெரியவனும். அவனுடைய ஸ்கூல் யூனிஃபார்ம் புதன்கிழமைப் பெட்டியில் போய்விட்டது. உம்மா கொடுத்த தொதல் இனிப்பு மொத்தமும் என் பெட்டியில். எடை கூடி, சென்னை கவுன்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன்.

நம் கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மைல்ஸுக்கும் தடைக்காலம் உண்டு, நோட்டீஸ்தான் ஒட்ட மாட்டார்கள். துபாயில் ஸ்கூல் லீவு ஜூலை, ஆகஸ்ட். ஜூலை முதல் வாரம் ஊருக்கு வர ஒரு சீட் தேறாது. அதே வாரம் இங்கிருந்து அங்கே போக எத்தனை வேண்டுமானாலும் காட்டும். ஆகஸ்ட் கடைசியில் அப்படியே தலைகீழ். பெருநாளோ வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகரும், போன வருடக் கணக்கு உதவாது. பதினோரு மாதம் முன்பே, அந்தத் தேதிக்கு புக்கிங் திறந்தவுடன் பிடித்துவிட வேண்டும் என்பார்கள். துபாயில் நள்ளிரவு 12 என்றால் ஊரில் 1.30. அலாரம் வைத்து எழுந்தும் பார்த்தேன். ஆனால் என் மேனேஜர் அடுத்த மாத லீவுக்கே சரி சொல்ல மாட்டார்!

ஒருமுறை சீட்டைப் பார்த்துவிட்டு கார்டு பாயின்ட்டை மைல்ஸாக மாற்றினேன். கடைசிப் பட்டனை அழுத்தியதும் சீட் மாயம். மாற்றிய பாயின்ட் திரும்பாது. கஸ்டமர் கேரில் 40 நிமிடம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். கிடைத்தாலும் 'ஃப்ரீ' கிடையாது. வரி, எரிபொருள் கட்டணம் என்று கைக்காசு போகும்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் உம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன், திடீரென்று சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் ராத்திரி பார்த்தால் டிக்கெட் விலை வழக்கத்தைவிட மூன்று மடங்கு. மைல்ஸில் வியாழக்கிழமைக்கு ஒரு சீட் இருந்தது. உச்சி ஏறியும் விற்காத மீன் மாதிரிதான் இதுவும்; விற்காது என்று தோன்றும் சீட்டைக் கடைசி நாட்களில் திறந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அதிகாலையில் சேது எக்ஸ்பிரஸை விட்டு ராமநாதபுரத்தில் இறங்கினேன். உம்மா, "யாருடா சொன்னா உன்னை வரச்சொல்லி?" என்று திட்டிக்கொண்டே ஆப்பம் சுட்டது.

மச்சானுக்கு என் பதில்: எடுக்காதே. குடும்பத்தோடு போகிறவனுக்கு இது ஆகாது, வாயைக் கட்டிச் சேர்த்தாலும் ஆகாது.

என் கார்டுக்கு வருடக் கட்டணம் போன வாரம்தான் கட்டினேன். அவனிடம் சொல்லவில்லை.