தும்மல்காரர் வீட்டுக்கு எந்த நாய்: பூடிலா, லாப்ரடூடுலா?

"முடி கொட்டாத நாய் சார், அலர்ஜியே வராது." நாய் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. தும்ம வைப்பது முடி அல்ல. நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் இவற்றில் உள்ள புரதங்கள்தான். முடி அவற்றைச் சுமந்து வந்து சோபாவில் இறக்கிவிடுகிறது.

பூடிலின் சுருள்முடியில் உதிர்ந்த முடியும் செதிலும் சிக்கிக்கொள்ளும். வீடு சுத்தமாகத் தெரியும். ஆனால் அடிக்கடி சீவ வேண்டும், மாதம் ஒருமுறையாவது குரூமிங்குக்கு அனுப்ப வேண்டும். விட்டால் சடை பிடித்துவிடும். சீவுகிற வேலை அலர்ஜி இல்லாதவர் தலையில்தான் விழ வேண்டும், சொல்லிவிட்டேன்.

லாப்ரடூடுல் பிறந்ததே அலர்ஜிக்காகத்தான். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது; அவர் கணவருக்கோ நாய் அலர்ஜி. 1989இல் ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன் லாப்ரடாரையும் ஸ்டாண்டர்டு பூடிலையும் சேர்த்தார். அந்த ஈற்றிலேயே சில குட்டிகள் கணவருக்கு ஒத்துவரவில்லை. கலப்பினத்தில் எந்தக் குட்டி எந்த முடியோடு வளரும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதற்குப் போய் கூடுதல் விலையா?

மகளின் அலர்ஜியை மனதில் வைத்து ஒபாமா வீட்டுக்கு 2009இல் வந்த 'போ', போர்ச்சுகீசிய வாட்டர் டாக். நம்மூரில் தேடிக் கிடைப்பது கஷ்டம், விடுங்கள். ஷிட்சுவுக்கு முடி குறைவாகத்தான் கொட்டும், ஆனால் சப்பை மூக்கு; வெயில் தாங்காது. சிப்பிப்பாறைக்குக் குட்டை முடி என்றாலும் எச்சிலும் செதிலும் உண்டே.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2011இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வீட்டுத் தூசியில் நாயின் அலர்ஜிப் புரதத்தை அளந்தார்கள். 'அலர்ஜி தராத' இன நாய்கள் உள்ள வீட்டுக்கும் மற்ற இன நாய்கள் உள்ள வீட்டுக்கும் வித்தியாசமில்லை. 2012இல் நெதர்லாந்தில் பார்த்தபோது பூடில், லாப்ரடூடுல் போன்ற 'அலர்ஜி தராத' நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது!

இனத்தைவிட ஆணா பெண்ணா என்பது சிலருக்கு முக்கியம். கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் பிராஸ்டேட் சுரப்பியில்தான் உருவாகிறது. அது ஒன்றுக்கு மட்டுமே அலர்ஜி உள்ளவர்கள் கணிசமாக உண்டு. அவர்களுக்குப் பெண் நாய் பிரச்சினை தராமல் போக வாய்ப்பு அதிகம். எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். அலர்ஜி மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் அவர் சம்மதிக்காமல் எதையும் வாங்கக் கூடாது.

என் ஓட்டு பெண் மினியேச்சர் பூடிலுக்கு. லாப்ரடூடுல் போலில்லாமல், வளர்ந்தபின் இதன் முடி எப்படி இருக்கும் என்று தெரியும். சின்ன உடம்பு, அலர்ஜிப் புரதம் குறைய வாரம் இருமுறை குளிப்பாட்டுவதும் சுலபம். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் அதே நாயோடு சில முறை ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள், கையை நக்கவும் விடுங்கள். அதற்குச் சம்மதிக்காத பிரீடரிடம் வாங்க வேண்டாம்.