கிழக்குக் கரையோரம் தனியாகக் கார் ஓட்டிப் போனேன்: சாலை, சாப்பாடு, தங்குமிடம்

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு தமிழ்நாட்டில் தானே கார் ஓட்டிக் கடலோரமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ராத்திரி எங்கே தங்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

நான் மயிலாடுதுறைக்காரி. மெல்போர்னில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது, கையில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையும். பிப்ரவரி கடைசியில் சென்னையில் வாடகைக் கார் எடுத்து, கூடியவரை கரையை விட்டு விலகாமல் கன்னியாகுமரி வரை போனேன், தனியாக. சித்தப்பாவும் அத்தைகளும் வேண்டவே வேண்டாம் என்றார்கள், டிரைவர் ஒருவரை ஏற்பாடு பண்ணித் தருகிறோம் என்றார்கள். அம்மா மட்டும் "பொழுது சாஞ்சப்புறம் ஓட்டாதே, அவ்வளவுதான்" என்றாள். அதை மட்டும் கடைசிவரை காப்பாற்றினேன். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் விளக்கில்லாத மாட்டு வண்டியும் ஆடுகளும் எதிரே முழு வெளிச்சத்தோடு வரும் பஸ்ஸும் சேர்ந்துகொண்டால் எந்த ஊர் அனுபவமும் உதவாது.

காரைப் பற்றி. நாமே ஓட்டுவதற்கென்று சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டிகளுக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவருடைய வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், எடுக்காதீர்கள், விபத்து என்று வந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நாம் வசிக்கும் நாட்டிலேயே வாங்கிக்கொண்டு வர வேண்டும், ஒரு வருஷம் செல்லும். வழியில் ஒரு சோதனையில் போலீஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்டார், பார்த்தார், "பாத்துப் போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். கண்ணாடியில் சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று சாவி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் போனால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். வண்டி கொடுத்த நிறுவனம் வண்டியைச் சுத்தமாகத்தான் கொடுத்தது, நேரத்துக்கும் கொடுத்தது. ஆனால் முன்பணத்தை என் வெளிநாட்டு அட்டைக்குத் திருப்பி அனுப்புவதில் வாரக்கணக்கில் இழுத்தடித்தது, கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

பணம் கொடுப்பது மட்டும் நான் நினைத்ததைவிட நூறு மடங்கு சுலபம். 2023லிருந்து ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணையே, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கோடு சேர்த்து யு.பி.ஐ. பயன்படுத்தலாம். கிளம்புவதற்கு முன்பே வங்கியில் பேசி அதைச் செய்துகொண்டேன். அப்புறம் டீக்கடை, இளநீர் வண்டி, கருவாடு விற்கிற ஆயா வரைக்கும் எல்லா இடத்திலும் அந்த க்யூ.ஆர். சதுரத்துக்கு நேரே கைபேசியைக் காட்டினால் முடிந்தது. முன்பெல்லாம் ஊரில் இறங்கியதும் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தேடி அலைவேன், அந்தத் தொல்லையே இல்லை.

சரி, பாதைக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் நிற்கவில்லை, பலமுறை பார்த்தாயிற்று. புதுச்சேரியில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். தெற்கே போகும்போது காரைக்காலிலும் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைக்கும், அங்கே இன்னொரு முறை நிரப்பலாம். சிதம்பரத்தில் காலைச் சாப்பாடு, இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். இந்தக் கொத்சுவை மெல்போர்னில் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன், புளியும் வறுத்த தனியாவும் சேரும் அந்த மணம் அங்கே வருவதே இல்லை. பிச்சாவரத்தில் படகுக்கு மொத்தமாகக் கட்டணம், ஒற்றை ஆளாகப் போனாலும் முழுப்படகுக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். வருத்தமில்லை. துடுப்புப் படகில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே குறுகிய வாய்க்காலுக்குள் போகிறபோது படகோட்டி அண்ணன் தானாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார். உயிர்காப்புச் சட்டை போடாமல் யாரையும் ஏற்றவில்லை, அது நல்ல மாற்றம்.

தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனியர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது, 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இந்த ஊரில்தான். கொஞ்சம் தள்ளிக் கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில், பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடிய இடம், சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. கோட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் படகுகள், இடது பக்கம் கோயில், நடுவில் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் எங்கே தங்கினாலும் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் பேச்சு வழக்கில் 'சி படிவம்' எனப்படும், தங்குபவரின் விவரப் படிவத்தை இணையத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கு விடுதி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். சின்ன ஊர் லாட்ஜுகள் பலவற்றில் அது கிடையாது. டெல்டா பக்கம் ஒரு கடலோர ஊரில் நான் செயலியில் முன்பதிவு செய்து பணமும் கட்டி, உறுதிச் செய்தியும் வந்து, போய் நின்ற பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிட்டார்கள். ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டினேன், பக்கத்து ஊர்க்காரி என்றேன், தமிழில் தானே பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வரவேற்பில் இருந்த தம்பி பாவம், "அக்கா, போலீஸ் பிரச்சினை ஆயிடும்க்கா, முதலாளி திட்டுவார்" என்கிறான். அவனிடம் சண்டை போட்டு என்ன பயன்? பொழுது சாய்வதற்குள் வேளாங்கண்ணிக்கு ஓட்டிப் போய்விட்டேன். அங்கே யாத்ரீகர்கள் எல்லா நாட்டிலிருந்தும் வருவதால் படிவம் நிரப்புவது அவர்களுக்குப் பழக்கம், பத்து நிமிஷத்தில் அறைச் சாவி கையில். ஆகவே இரவுத் தங்கலைப் புதுச்சேரி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாதிரி ஊர்களில் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஊர் என்றால் போன் போட்டு "சி படிவம் போடுவீங்களா" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தனியாக வந்த பெண் என்பதற்காக எங்கேயும் ஒருவரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை, இதையும் சொல்லியாக வேண்டும்.

நாகூரில் சாயங்காலம் 'வாடா' என்ற பலகாரத்தைச் சாப்பிடாமல் வராதீர்கள். அரிசிமாவில் தட்டி, மேலே இறால் பதித்துப் பொரித்தது, சூட்டோடு கடிக்க வேண்டும். வேதாரண்யத்தில் உப்பளங்கள் சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளையாக விரிகின்றன, 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். கோடியக்கரையில் விடிகாலையில் வெளிமான் கூட்டம் பார்த்தேன்.

முத்துப்பேட்டையைத் தாண்டி அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று போகும் பகுதிதான் எனக்கு மொத்தப் பயணத்திலும் ரொம்பப் பிடித்தது. சுற்றுலாக்காரர் யாருமே இல்லை. பாக் விரிகுடாவில் அலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, தட்டில் ஊற்றிய பால் மாதிரி கடல் அசையாமல் கிடக்கிறது. மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா, நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோட்டை. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், நாட்டிலேயே முதலாவது.

கோட்டைப்பட்டினம் தாண்டி டயர் பஞ்சர். கொஞ்ச தூரத்திலேயே கடை. பையன் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து, எச்சில் தொட்டுச் சோதித்து, கால் மணி நேரத்தில் முடித்தான், 150 ரூபாய். மெல்போர்னில் இதற்கு ஆள் வரவே அரை நாள் ஆகும். பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு, நண்டுக் குழம்பும் வறுத்த ஊளி மீனும். பரிமாறிய அம்மா நான் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்து, "நண்டை ஒடைச்சுத் தரவா கண்ணு" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

கழிப்பறை. இதை எழுதாமல் விடக்கூடாது. பெட்ரோல் பங்குகளில் இருக்க வேண்டும், இருக்கிறது, ஆனால் பெண்கள் பக்கம் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தேட வேண்டும், திறந்தால் தண்ணீர் இருக்காது. பெரிய ஊர்களை ஒட்டிய பங்குகளில் பரவாயில்லை. தொண்டிக்கு முன்னும் பின்னும் ரொம்ப மோசம். நடுவழியில் எனக்குக் கிடைத்த ஒரே சுத்தமான இடம் ஒரு கல்யாண மண்டபம், காவலாளியிடம் கேட்டதும் விட்டார். இவ்வளவு நல்ல சாலை போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாததா? பெண்கள் தனியாகவோ குழந்தைகளோடோ இந்தப் பக்கம் வராததற்குப் பாதி காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் தெரியும், நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, 2017லிருந்து. சாயங்காலம் ஆகிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சாலையின் ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் புரளும் ஆண் கடல், நடுவில் நம் கார். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர் பக்கத்தில் சங்கு மாலை விற்கிறார்கள், மீன் வறுக்கிறார்கள், அந்தக் குடிசைகளில் வாங்குங்கள், புதிதாக வறுத்துத் தருகிறார்கள்.

தூத்துக்குடியில் ராத்திரி பரோட்டாக் கடைகளுக்கு நைட் கிளப் என்று பெயர். உள்ளே பெஞ்சு, சால்னா, கல்லில் தட்டும் சத்தம். தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு இவ்வளவுதான், மெல்போர்ன் வந்தும் நொறுங்காமல் இருந்தது, டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கினேன். மணப்பாட்டில் மணல் மேட்டின் உச்சியில் சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கடல் வளைகிறது. வழிகாட்டி, டிக்கெட் ஒன்றும் இல்லை. இவ்வளவு அழகான இடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

கன்னியாகுமரியில் படகு வரிசை நீளம்தான், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் தனி வரிசை உண்டு. 133 அடி வள்ளுவரையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது, வரிசையை ஒழுங்காக நடத்துகிறார்கள். கார் கொடுத்த நிறுவனத்துக்கு அங்கே கிளை இல்லாததால் காரை மதுரையில் விட வேண்டியிருந்தது, முன்பதிவின்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம்.

மீனுக்காகவே வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வராதீர்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சரியான மாதங்கள்.