“ஒரே துளை, வலியே இருக்காது” என்று சொன்னால் ஊசியை வாங்கிப் பாருங்கள்

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். சிறுநீரகம் பழுதாகி, மெஷினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டயலிசிஸ் தேவைப்பட்டபோது, கத்தி பிடித்த வலது கையை விட்டுவிட்டு இடது கையில்தான் பிஸ்டியுலா போட்டார்கள். மணிக்கட்டுக்கு மேலே, இதயத்திலிருந்து இரத்தம் வரும் நாடியையும் திரும்பிப் போகும் நாளத்தையும் இணைத்துத் தைத்துவிடுவது (எங்கள் ஆட்களுக்கு இரண்டுமே ‘நரம்பு’தான்). நாடியின் வேகத்தில் இரத்தம் பாயப் பாய நாளம் பருத்து, சுவர் தடித்து, டயலிசிஸ் ஊசியைத் தாங்கும் நிலைக்கு வரும். அதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அப்பாவுக்கு மூன்று மாதமானது. விரலை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும்வரை கண்டிப் பக்கம் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனோம். பெயர் போடப் போவதில்லை. வாரம் இரண்டு நாள், விடியற்காலை ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிப் போய், நான்கு மணித்தியாலம் மெஷினில் இருந்துவிட்டு அதே பாதையில் திரும்ப வேண்டும்.

முதல் நாளே அங்கே சொன்னது: “எங்களிடம் பட்டன்ஹோல் முறை. ஒரே துளையில் குத்துவோம். கொஞ்ச நாளில் வலியே தெரியாது. விசேஷ ஊசி, ஒவ்வொரு தடவையும் 900 ரூபாய் கூட வரும்.” சிங்களத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நான் பணம் கட்டும் வரிசையில் நின்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பட்டன்ஹோல் என்பது பொய்யான முறை இல்லை. அதுதான் விஷயமே. காது குத்தித் தோடு போட்டால் துளை நிலைத்துவிடுகிற மாதிரி, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில், முடிந்தால் ஒரே ஆளே திரும்பத் திரும்பக் குத்தி ஒரு பாதை உண்டாக்க வேண்டும். பாதை விழுந்ததும் கூர் ஊசியை நிறுத்திவிட்டு முனை மழுங்கிய ஊசியை அதற்குள் நுழைப்பார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பொருக்கை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போய்விடும்.

அங்கே நடந்தது வேறு. ஒரு நாள் ஒரு மிஸ் (தாதி), அடுத்த நாள் இன்னொருவர். யார் வந்தாலும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இடத்துக்குள் எங்கேயாவது கூர் ஊசியால் குத்துவார்கள். இதற்கு ‘ஒரே பகுதியில் குத்துவது’ என்று பெயர். செய்யக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பதாம். நான் ஏமாந்தது எங்கே என்றால், வலி உண்மையிலேயே குறைந்தது! “முன்ன மாதிரி வலிக்கல புள்ள” என்றார் அப்பா. தழும்பேறிய தோலில் குத்தினால் அவ்வளவாக வலிக்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாவது மாதம் கையில் நாவற்பழம் மாதிரி இரண்டு புடைப்புகள். மேலே தோல் மெலிந்து பளபளத்தது. பொருக்கு உதிரவேயில்லை. ஊசி எடுத்தபின் பத்து நிமிடத்தில் நின்ற இரத்தம் அரை மணித்தியாலம் பிடித்தது. கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார்கள்.

அரசாங்க கிளினிக்கில் கையைப் பார்த்த தாதி, “எந்த ஊசி போடுறாங்க?” என்று கேட்டு, மழுங்கிய ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அடுத்த தடவை நிலையத்தில் பிரித்த பக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சாதாரணக் கூர் ஊசி. பொறுப்பானவரிடம் கேட்டால், “அது ஸ்டொக் இல்லை.” பில்லில் மட்டும் தவறாமல் இருந்தது.

புடைப்புக்கு மேலே நாளம் சுருங்கியிருந்தது. சத்திரசிகிச்சை; கை ஆறும்வரை கழுத்தில் குழாய் போட்டு ஏழு வாரம் டயலிசிஸ். பிஸ்டியுலா தப்பியது அதிர்ஷ்டம்.

இப்போது ஏணி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் முந்திய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் குத்துகிறார்கள். உச்சிக்குப் போனதும் கீழிருந்து மறுபடி. சீ.ஆர். கொப்பியில் அப்பாவின் கையை வரைந்து, குத்திய இடத்தையும் திகதியையும் நானே குறிக்கிறேன். முதலில் முகம் சுளித்த மிஸ்மார் இப்போது கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டிலும் செய்யுங்கள், காசா பணமா.

இன்னொன்று. தோல் மெலிந்த புடைப்பு வீட்டில் வெடித்தால் துவாய் சுற்றாதீர்கள். துணி ஊறுமே தவிர இரத்தம் நிற்காது. ஓட்டை மேல் விரலால் நேராக, விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்கள். லயத்துக்கு வண்டி ஏற நேரமெடுக்கும். அதுவரை விரலை எடுத்துப் பார்க்கவே கூடாது.

அந்த ஊசிக்கு மட்டும் 41 பில், 36,900 ரூபாய். இரண்டு கடிதம் பதிவுத் தபாலில் போட்டேன், பதில் இல்லை. ‘விசேஷ ஊசி’ என்று பில்லில் போட்டு உங்களிடமும் வாங்கியிருந்தால் பில்லை எறிந்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், மூன்றாவது கடிதத்தைச் சேர்ந்து போடலாம்.