டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க்கின் பழைய காணொளிகள்: கிறிஸ் ஜெரிக்கோ ரசிகர்களுக்குப் போதுமானவையாக இருந்தனவா?

போட்டி மல்யுத்த நிறுவனங்களான டபிள்யூசிடபிள்யூவை 2001-லும், இசிடபிள்யூவின் உரிமைகளை 2003-லும் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ வாங்கியதால், அன்றைய எதிரிகள் எல்லாரும் அதன் இணையக் காணொளிச் சேவையான நெட்வொர்க்கின் ஒரே சந்தாவில் கிடைத்தார்கள். மல்யுத்த வீரர் கிறிஸ் ஜெரிக்கோவை ஆண்டு வரிசையில் பாருங்கள்: 1996 இசிடபிள்யூ, அடுத்து 1998 நைட்ரோ (டபிள்யூசிடபிள்யூவின் வாராந்திர நிகழ்ச்சி). ஆயிரம் மல்யுத்தப் பிடிகள் தெரிந்தவர் என்று பேர்பெற்ற வீரர் டீன் மலெங்கோவைச் சீண்ட, தனக்குத் தெரிந்த 1004 பிடிகளின் பட்டியலை வாசிப்பாரே, அதைத் தவறவிடக் கூடாது! 1999 ஆகஸ்ட் 9 அன்று டபிள்யூடபிள்யூஇயின் ரா நிகழ்ச்சியில் அவர் அறிமுகமானதை அதற்குப் பிறகுதான் முழுதாக ரசிக்க முடியும்.

இசிடபிள்யூதான் ஏமாற்றம். பாட்டு உரிமை இல்லாததால் பல நுழைவு இசைகளை மாற்றிவிட்டார்கள். ஒலியைச் சேர்த்து மாற்றியதில் கூட்டத்தின் இரைச்சலும் அமுங்குகிறது. இசைக்காகவே பார்ப்பவர்கள் பழைய விஎச்எஸ் நாடாவைத் தேடலாம்.

2018 ஜனவரி 4 டோக்கியோ டோமில் ஜெரிக்கோ கென்னி ஒமேகாவுடன் மோதியது இதில் இருந்ததில்லை; அதற்கு ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தின் நியூ ஜப்பான் வேர்ல்டு சந்தா தனி. 2019-க்குப் பிந்தைய, வேறொரு போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூ ஆட்டங்களும் இதில் இருந்ததில்லை.