ட்ரை கட் மெஷின் என்று நம்பி 18,600 ரூபாயைக் கொட்டிவிட்டேன், நீங்களாவது பாருங்கள்

நேற்று ராத்திரிதான் "ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. வயிறு எரிகிறது. கிரில், ஷெட் வேலை செய்கிறவர்கள் ஆன்லைனில் கட்டிங் மெஷின் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பன்னிரண்டு வருடமாக என் பட்டறையில் 14 இஞ்ச் கட்டிங் வீல்தான், பல் இல்லாமல் தேய்த்தே வெட்டுகிற கல் சக்கரம். பொறி, புகை, வெட்டின முனையெல்லாம் பிசிறு. ஒவ்வொரு பைப்பையும் கிரைண்டரில் தேய்த்த பிறகுதான் வெல்டிங். கார்பைடு என்கிற கடினமான பொருளில் பல் வைத்த பிளேடில் வெட்டும் ட்ரை கட் மெஷின் இருந்தால் அந்தத் தேய்ப்பு வேலை பெரும்பாலும் மிச்சம். அந்த ஆசைதான்.

பெரிய ஆன்லைன் தளம், அதில் ஒரு விற்பனையாளர். 18,600 ரூபாய், பிளேடு இலவசம். "இரும்புக்கு ஓடுமா?" என்று மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் போனே வந்துவிட்டது. "அண்ணா, நானும் பட்டறைக்காரன் மகன்தான். கண்ணை மூடிட்டு வாங்குங்க." சதுர பைப்பை வழவழவென்று வெட்டுகிற வீடியோவும் அனுப்பினான். பட்டறைக்காரன் மகன் என்றதும் விழுந்துவிட்டேன். ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்று கேட்க வாய் வரவில்லை.

வந்த மெஷினின் தகட்டில் 3800 ஆர்.பி.எம். பிளேடின் மேல் பொடி எழுத்தில், அதிகபட்சம் 1600. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. கட்டிங் வீல் மாட்டுகிற சாதா மெஷினில் பல் பிளேடைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! 14 இஞ்ச் பிளேடின் பல் ஒரு சுற்றுக்கு 1.1 மீட்டர் ஓடும். 3800 சுற்று என்றால் நிமிடத்துக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல். இரும்பில் அந்த வேகத்துக்குக் கார்பைடு தாங்காது. நாலாவது பைப், ஒன்றரை இஞ்ச், 2 எம்.எம். தான். டக்கென்று ஒரு சத்தம். மூன்று பல் காணோம். ஒன்று என் கண்ணாடியில் கோடு போட்டுவிட்டுப் போனது.

கஸ்டமர் கேரில் முதல் ஆள்: "யூஸ் பண்ணின பொருளை எடுக்க மாட்டோம் சார்." யூஸ் பண்ணாமல் எப்படித் தெரியும்? அடுத்த ஆள்: "பிளேடு இலவசம், அதுக்கு வாரண்டி கிடையாது." மூன்றாவது ஆள் விற்பனையாளரையே கேட்கச் சொன்னார். அவன் என் நம்பரை பிளாக் செய்திருந்தான். மனைவி போனிலிருந்து அடித்தேன். "நீங்க அழுத்திப் பிடிச்சிருப்பீங்க அண்ணா." யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! 18,600 ரூபாய். ஒரு கேட் செய்தால் என் கையில் நிற்கிற கூலி அதில் பாதிகூட இல்லை.

1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதி இருக்கிறதாம். அவருக்கு எழுதி இன்றோடு நாலு நாள். மூச்சே இல்லை.

மெஷின், பிளேடு பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. 14 இஞ்ச் ட்ரை கட் என்றால் வேகம் 1300, 1500 என்றுதான் இருக்கும். 3800 என்றால் அது வீல் மெஷின். பிளேடில் போட்ட எண்ணை மெஷினின் வேகம் தாண்டவே கூடாது. மெல்லிய பைப்புக்குப் பல் நெருக்கமான பிளேடு. மர பிளேடை இரும்பில் வைக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

மூன்று பல்லில் இரண்டு கிடைத்துவிட்டது. இன்னொன்று பட்டறையில் எங்கோ கிடக்கிறது, செருப்பில்லாமல் உள்ளே வராதே என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.