"வரப்போற டப்" என்று காசு வாங்குகிறார்கள், கவனம்! என்னுடைய 87,500 ரூபா போய்விட்டது

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். டப் (டப்லெட்) வாங்க யோசிக்கிறவர்கள், அதிலும் படம் எடுக்கவென்று வாங்க யோசிக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். "அடுத்த மாதம் புது மொடல் வருது, இப்பவே காசைக் கட்டினா விலை குறைவு" என்று எந்தக் கடையிலாவது சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். நான் கட்டினேன். 87,500 ரூபா, ஒரு சதம் குறையாமல். இப்போது என் மேசையில் கிடப்பது ஒரு நெல் இலையைக்கூடத் தெளிவாக எடுக்கத் தெரியாத பிளாஸ்டிக் பலகை.

கடையின் பெயரை இப்போது போடவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னர் பெயரைப் போட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். போன் விற்கிற, திருத்துகிற, ரீலோட் போடுகிற கடை. ஏ9 வீதியோரம் இப்படி எத்தனையோ இருக்கின்றன. முகநூலிலும் பக்கம் வைத்து, நேரலையில் பெட்டி உடைத்துக் காட்டுகிற வகை.

டப்பைத் தூக்கிப் படம் எடுப்பதா என்று கேட்கிற ஆட்கள் உண்டு. கேட்கட்டும். எங்களுக்கு வவுனிக்குளத்துக்குக் கீழே வயல். கமக்காரர் அமைப்பில் பதிவு வேலைகள் என் பொறுப்பு. பயிருக்கு நோய் வந்தால், வெள்ளம் வந்தால், யானை இறங்கினால் படம் எடுப்பது நான்தான். போனில் எடுத்த படத்தை அறுபது, எழுபது வயது ஐயாமாருக்குக் காட்டினால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "தெரியேல்ல பிள்ளை" என்பார்கள். டப் என்றால் வரம்பில் வைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். இது எரிபந்தம் என்ற நெல் நோயா, வெறும் சத்துக் குறைபாடா என்று அங்கேயே கதைத்து, அதே படத்தை விவசாயப் போதனாசிரியருக்கும் அனுப்பலாம். கண் மங்கின ஆட்கள் தாங்களே படம் எடுப்பதென்றாலும் பெரிய திரைதான் வசதி. எடுக்கிறதை எடுக்கும்போதே பார்க்க முடிகிறது.

முன்பு ஒரு நல்ல டப் இருந்தது. கனடாவில் இருக்கிற தம்பி கொண்டுவந்து தந்த சாம்சுங் டப் ஏ, 2016இல் வந்த 10.1 அங்குல மொடல். 8 மெகாபிக்சல்தான். ஆனால் தானாகக் குவியும், பக்கத்தில் ஒரு சின்ன பிளாஷ் லைட்டும் இருந்தது. 2024 கார்த்திகை மழையில் வயல் மூழ்கியபோது காப்புறுதிச் சபைக்குக் காட்ட எல்லாருடைய வயலையும் அதில்தான் எடுத்தேன். பிளாஷின் அருமை கபில நிறத் தத்தி என்ற பூச்சி வந்தால்தான் தெரியும். அது இலையில் இருக்காது, தூருக்குள், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கும்பலாக இருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் அடர்த்தியாக நிற்கிற இடத்தில் உள்ளே இருட்டு. வெளிச்சம் இல்லாமல் எடுத்தால் கறுப்புத்தான் வரும்.

அந்த டப்பின் பற்றரி வீங்கி, திரை கிளம்பிவிட்டது. அப்புறம்தான் புதிது தேடத் தொடங்கினேன்.

தேடினால் தெரியும், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் வருகிற டப்புகளில் கமராவை வளர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். 2023இல் வந்த சாம்சுங் டப் ஏ9 பிளஸ்ஸிலும் அதே 8 மெகாபிக்சல்தான், அதில் பிளாஷ் இல்லை. ஏழு வருடம் கழித்து வந்த சாமானில் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்! விலை கூடியதிலும் இதே கதை. 2010இல் வந்த முதல் ஐபாடில் கமராவே கிடையாது. 2011இல் வந்ததில் பின்கமரா ஒரு மெகாபிக்சலைக்கூடத் தொடவில்லை. 2016இல் வந்த 9.7 அங்குல ஐபாட் ப்ரோவில்தான் 12 மெகாபிக்சலும் பிளாஷும் சேர்ந்து வந்தன. 2020இல் ப்ரோவுக்கு இரண்டாவது கமரா கொடுத்தார்கள், 2024இல் அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அந்த 2024 ப்ரோவின் 13 அங்குல மொடலின் தடிப்பு 5.1 மில்லிமீற்றர். நல்ல வில்லைகளை அடுக்க ஆழம் வேண்டும், அவ்வளவு மெல்லிய உடம்பில் அதற்கு எங்கே இடம்? டப்பென்றால் கடதாசி ஸ்கான் பண்ணவும் வீடியோவில் கதைக்கவும் மட்டும் என்று கொம்பனிகள் நினைக்கின்றன. வெயிலில் தெரிகிற திரை, கிட்டக் குவிகிற கமரா, ஒரு பிளாஷ், இந்த மூன்றும் நடுத்தர விலையில் வந்தால் அரை மில்லிமீற்றர் தடிப்புக் கூடினாலும் வயலில் நிற்கிற யாரும் குறை சொல்ல மாட்டோம்.

எங்களைப் போன்ற ஆட்கள் "அடுத்ததில் வரும், அடுத்ததில் வரும்" என்று பார்த்துக்கொண்டிருப்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அந்த எதிர்பார்ப்பைத்தான் அவர் எனக்கு விற்றார்.

நான் போனது மத்தியான வேளை. கடைக்காரத் தம்பி கதிரை போட்டு, சோடா எடுத்துத் தந்து, பொறுமையாகக் கேட்டார். என்ன வேலைக்கு, எவ்வளவு தூரத்தில் எடுப்பீர்கள், இருட்டில் எடுப்பீர்களா என்று அவ்வளவு விபரமாக வேறு எந்தக் கடையிலும் கேட்டதில்லை. பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விலை கூடிய ஒரு டப்பை எடுத்து, என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய், கடை வாசல் வேம்பில் ஒரு இலையைப் படம் எடுத்தார். விரலால் பெரிதாக்கினார். நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

"இது இப்ப இருக்கிறது, அக்கா. விலை உங்களுக்குக் கட்டாது. வரப்போறது இதைவிட மேல, 50 மெகாபிக்சல், பிளாஷும் இருக்கு. விலை பாதி."

போனில் ஒரு படமும் காட்டினார். 50 மெகாபிக்சல் டப் உலகத்தில் இல்லாமல் இல்லை, சியோமி பாட் 7 ப்ரோ அப்படித்தான் வந்திருக்கிறது. அதன் படத்தைத்தான் காட்டியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அப்போது பெயர் சொல்லவில்லை. "பெரிய கொம்பனிக்குச் செய்யிற அதே பக்டரியில இருந்து நேரா வருது, பெயர் மட்டும்தான் வேற, உள்ளுக்கு எல்லாம் ஒண்டு" என்றார்.

நான் தயங்கினேன். அப்போது அவர் சொன்னதை மறக்கவே மாட்டேன். "அக்கா, உங்கட அப்பாவை மல்லாவிச் சந்தையில எத்தினை தரம் கண்டிருக்கிறன். எங்கட ஆக்களுக்குப் பிழையான சாமானைக் குடுத்திட்டு நான் இந்த ரோட்டில கடை நடத்தேலுமோ?" அப்பா காலமாகி இன்னும் ஆண்டுத் திவசம் முடியவில்லை. அவருடைய பேரைச் சொல்லித்தான் என் கையில் இருந்த காசை வாங்கினார். சிறுபோக நெல் விற்ற காசும் மாதர் சங்கத்தில் எடுத்த கடனும் சேர்ந்த 87,500 ரூபா.

பில்லில் "டப் 1, ரூபா 87,500" என்று மட்டும் எழுதினார். மொடலை எழுதச் சொல்லிக் கேட்டேன். "சாமான் வந்தாப்பிறகு பெட்டி நம்பரைப் பார்த்து எழுதித் தாறன், வாரண்டிக் கார்ட்டும் அப்பதான் வரும்" என்றார்.

அடுத்த மாதம் என்றது வரவில்லை. கேட்டால் "கொழும்பில சுங்கத்தில நிக்குது". பிறகு "பார்சல் வவுனியாவில மாறி இறக்கிப்போட்டாங்கள்". பிறகு "நாளைக்கு எடுங்கோ". அந்த நாளைக்கு எடுத்தால் அவருடைய போனை வேறு ஒரு பெடியன் தூக்கி, "முதலாளி யாழ்ப்பாணம் போட்டார்" என்பான். நான் காசைத் திருப்பித் தரச் சொன்ன பிறகுதான் சாமான் திடீரென்று வந்தது.

கேள்விப்படாத ஒரு பெயர். பெட்டியில் 50 மெகாபிக்சல் என்று ஒரு ஸ்ரிக்கர். பின்னால் மூன்று வட்டக் கண்ணாடி. கடையில் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார், வெளிச்சமான இடம், தூரத்துப் பொருள், பிழை தெரியவில்லை. வயலுக்குக் கொண்டுபோய் இலையைக் கிட்டப் பிடித்தால் பச்சைக் குழம்பு! எரிபந்தத்தின் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், அதை வெறும் கண்ணால் பார்க்கிறேன், டப்பில் இல்லை. தூருக்குள் பிளாஷ் போட்டால் ஒன்றும் எரியவில்லை. அது லைட்டே இல்லை, மஞ்சளாக ஒரு பொட்டு, உள்ளே வயர்கூட இல்லையாம்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகன் வந்து பார்த்தான். மூன்று கண்ணாடியில் இரண்டை விரலால் மூடினான், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த இரண்டும் சும்மா ஒட்டியவை. படத்தின் விபரத்தில் 8160க்கு 6120 என்று இருக்கிறது, கணக்குப் பார்த்தால் 50 மெகாபிக்சல் வரும். ஆனால் உள்ளே இருக்கிற கமராச் சிப்பின் உண்மையான அளவு 1600க்கு 1200, அதாவது 2 மெகாபிக்சல்கூட நிறையவில்லை. மிச்சத்தை மென்பொருள் இழுத்து நிரப்புகிறது. கோப்பு பெரிதாகும், விபரம் கூடாது. குவியம் ஒரே தூரத்தில் பூட்டிக் கிடக்கிறது, அதனால்தான் கிட்டப் பிடித்தால் கலங்குகிறது. செட்டிங்ஸில் அன்ரொயிட் 14 என்று இருக்கிறது, அவன் இறக்கிய செயலி 9 என்று காட்டுகிறது. அதுவும் பொய்.

திரும்பக் கொண்டுபோனேன். "லென்ஸைத் துடைச்சுப் பாருங்கோ அக்கா." துடைத்துக் காட்டினேன். "அப்டேட் ஒண்டு வரும், அதுக்குப் பிறகு சரியாகும்." இல்லாத பிளாஷை எந்த அப்டேட் கொண்டுவந்து வைக்கும் என்று கேட்டேன். "டப்பில ஆரக்கா படம் எடுக்கிறது? படத்துக்கெண்டா போன் வாங்கியிருக்கலாமே." இதைச் சொன்னது வேப்பிலையைப் படம் எடுத்துக் காட்டிய அதே தம்பி! கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியாக, "பெட்டி உடைச்ச சாமான் திருப்பி எடுக்கேலாது, வேணுமெண்டா 15,000க்கு நான் வாங்கிறன்" என்றார். எனக்கு 87,500 ரூபாவுக்கு விற்ற சாமானை! மாதர் சங்கக் கடன் இன்னும் மாதாமாதம் கட்டுகிறேன். வட்ஸ்அப்பில் இப்போது என்னைத் தடுத்து வைத்திருக்கிறார்.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வராத சாமானுக்கு முழுக் காசு கட்டாதீர்கள். மொடல் பெயர், கமரா அளவு எல்லாம் பில்லில் எழுதாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். கடையிலேயே ஒரு பத்திரிகையை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் படம் எடுங்கள், எழுத்து வாசிக்க முடியாவிட்டால் வேண்டாம். ஒவ்வொரு கமராக் கண்ணாடியையும் விரலால் மூடிப் பாருங்கள், பிளாஷை எரித்துப் பாருங்கள். சிம் போடுகிற டப் என்றால் *#06# அடித்து வருகிற 15 இலக்கத்தை, முன்னால் ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்று தட்டி இடைவெளி விட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே அவர்கள் "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். எனக்கும் அந்த 3 மாதம் முடிய அதிகம் இல்லை.

திங்கட்கிழமை பில்லையும் டப்பையும் கொண்டு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன். இதே மாதிரி "வரப்போற மொடலுக்கு" என்று காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள், அல்லது கேள்விப்படாத பெயரில் மூன்று கண்ணாடி டப் கையில் வந்து சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே எனக்குத் தனியாக எழுதுங்கள், பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே நாளில் எல்லாருமாகப் போய்க் கொடுப்போம்.